மேகத்தில் சிக்கிய மேதை

மிலான் நகரத்தில் ஏப்ரல் பிறந்தால் போதும், அறைகலன் கண்காட்சியில் நாற்காலி பார்க்க உலகமே வந்து இறங்கிவிடும். பார்க்கத்தான், உட்கார இடம் கிடைக்காது. இந்த வருஷம் நாற்காலி வடிவமைப்பாளர் துல்லியோ கல்புசேராவின் ஆயுட்கால வேலை முழுவதையும் ஒரே கூடத்தில் அடுக்கியிருந்தார்கள். நடுநாயகமாக ‘மேகம்’ நாற்காலி. காலும் கையும் இல்லாத சிவப்பு நுரைப் பொதி. உட்காருவதற்குக் கால் எதற்கு என்று இளமையில் அவர் போட்ட போடில் ஊரே ஆடிப்போனது.

அவர் மனைவி எர்சிலியா மட்டும் அதை வீட்டுக்குள் விடவில்லை. “விழறதுக்கு யாருக்குத் தெரியாது? எந்திரிக்கற மாதிரி ஒண்ணு பண்ணு” என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். மேதைகளுக்கு வீட்டுப் பேச்சு எங்கே காதில் ஏறும்!

பத்திரிகைக்காரர்கள் படம் கேட்டார்கள். எண்பது தாண்டிய துல்லியோ ராஜா மாதிரி மேகத்தில் சாய்ந்தார். படம் எடுத்தாயிற்று. மனிதர் எழவில்லை. பேச ஆரம்பித்தார். வெளிச்சம் பற்றி, பிறகு வெறுமை பற்றி. கூட்டம் வாய்பிளந்து கேட்டது. அவருடைய முழங்கால் முயன்று முயன்று தோற்பதை எர்சிலியா மட்டும் பார்த்துவிட்டாள். ஒயின் கோப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

“எந்திரிக்க முடியலதானே?”

“சும்மா இரு. யோசிக்கிறேன்.”

“வெறுமையப் பத்தி நீ இவ்வளவு யோசிச்சு நான் பாத்ததே இல்ல.”

“எர்சிலியா, இத்தனை பேர் முன்னால என்னைத் தூக்கி விட்டாங்கன்னா நான் செத்தேன்.”

கிழவர் நிஜமாகவே பயந்திருந்தார். அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவாடையைச் சரிசெய்துகொண்டு பொத்தென்று அவர் பக்கத்தில் விழுந்தாள்.

“ஐயையோ! இந்தக் கிழவியால எந்திரிக்க முடியலயே! யாராவது தூக்கி விடுங்களேன்!”

நாலு பேர் ஓடிவந்தார்கள். துல்லியோவின் கையை அவள் உடும்புப்பிடியாகப் பிடித்திருந்ததால், அவளைத் தூக்கிய வேகத்தில் அவரும் சேர்ந்து எழுந்துவிட்டார். ஒரே சிரிப்பு.

“மேஸ்ட்ரோ, உங்க கலை வீட்டம்மாவுக்கே ஒத்துக்கலையே!” என்றான் ஓர் இளம் நிருபர்.

எர்சிலியாவும் சிரித்து வைத்தாள். மானம் தப்பியது. இனி வீட்டுக்குப் போய் ரிசோட்டோ சோறு கிளற வேண்டியதுதான்.

துல்லியோ சிரிக்கவில்லை. “எழுதிக்கோ தம்பி,” என்றார். “எந்திரிக்க முடியாம கிடந்தது நான். என்னைத் தூக்கறதுக்காகத்தான் இவ விழுந்தா.”

எர்சிலியா அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

“அட மடையா! இவ்வளவு பாடுபட்டு உன் மானத்தக் காப்பாத்தினேனே!”

“உன்னைப் பாத்துச் சிரிக்கறாங்க,” என்றார் அவர். “அப்புறம் அந்த மானம் எனக்கு எதுக்கு?”