குனியாதவன் வீட்டுக் கிணறு

அன்று கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: வீட்டுக்காரர் எத்திராஜ், அவர் மனைவி சுந்தரி, கடைசி மகள் தாட்சாயணி, பெண் பார்க்க வந்த கோவர்த்தனன், அவன் தாய் வெங்கடம்மா, தாய்மாமன் தணிகாசலம். ஆறே பேர். தாங்களும் உள்ளே இருந்ததாகப் பின்னால் சொல்லித் திரிந்தவர்கள் எல்லாரும் தெருவில் நின்றவர்கள்.

ஊர் நாகலாபுரத்துக்குத் தெற்கே. மதராஸா ஆந்திராவா என்று எல்லை இழுபட்டுக்கொண்டிருந்த காலம். எத்திராஜின் வீட்டுக்குக் குனியாதவன் வீடு என்று பெயர். அவருடைய பாட்டனார் ஜமீன்தார் முன்னால் குனிய மறுத்தவர். அதற்குப் பிறகு அந்த வம்சத்தில் யாரும் குனிந்ததில்லை. எல்லையை விசாரிக்க வந்த அதிகாரிக்குக்கூட எத்திராஜ் பனைமரம்போல் நின்றுதான் கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடைப் பற்றி ஊர் வெகுநாள் பேசியது.

தாட்சாயணி காபி கொண்டுவந்தாள். தணிகாசலம் ஏதோ வேடிக்கை சொல்ல, சிரித்துவிட்டாள். பற்களில் பழுப்புப் பட்டை பட்டையாகக் கறை.

"இன்னாம்மா, வெத்தல போடுவியா?" என்றாள் வெங்கடம்மா.

தாட்சாயணி உதட்டை மூடிக்கொண்டாள்.

"எங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார் எத்திராஜ்.

"எல்லாருக்குமா?" கோவர்த்தனன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். திருப்பதி கல்லூரியில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிப்பவன். "மாமா, கொஞ்சம் வாயத் தொறங்களேன்."

"டேய், பொண்ணு பாக்க வந்தியா, மாட்டுச் சந்தைக்கு வந்தியா?" என்று தணிகாசலம் குலுங்கிச் சிரித்தார்.

எத்திராஜ் விருட்டென்று எழ நினைத்தார். ஆனால் தூணைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. தோளிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கோவர்த்தனனின் பார்வை பல்லை விட்டு முதுகுக்கு வந்தது.

"துண்ட எடுங்க மாமா, பாக்கலாம்."

"எங்க வம்சத்துல யாரும் குனியறதில்ல, தம்பி."

வெங்கடம்மா டம்ளரைத் தரையில் வைத்தாள். "முதுகு வம்சத்துதுன்னா பல்லும் வம்சத்துதுதானே? நாளைக்கி என் பேரப்புள்ளைங்களுக்கும் வரும். எந்திரிடா, போலாம்."

எத்திராஜ் இத்தனை காலம் எடுத்துக்காட்டிய பெருமையே மகளின் வழியில் குறுக்கே நின்றது. ஆனால் கோவர்த்தனன் எழுந்திருக்கவில்லை.

"அத்த பல்லு மட்டும் வெள்ளையா இருக்கே?"

"நான் சந்திரகிரிக்காரி தம்பி. பதினாறு வயசுல இங்க வந்தேன். இவங்களுக்குச் சொந்தமும் இல்ல" என்றாள் சுந்தரி.

"உங்களுக்குக் குனிய வருதா?"

சுந்தரி முதலில் கணவரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "எங்க வருது? அடுப்பாண்ட ஒக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும். இவங்க வம்ச கம்பீரம் என் இடுப்புல எப்ப ஏறிச்சோ, தெரியல."

தணிகாசலத்துக்குப் புரை ஏறிவிட்டது. எத்திராஜ் சிரிக்கவில்லை.

"குடிதண்ணி எங்கேர்ந்து?" என்று கேட்டான் கோவர்த்தனன். சில ஊர்த் தண்ணீரில் ஓர் உப்பு அதிகம் உண்டு. பல் உருவாகும் வயதில் குடித்தால் பல்லில் கறையாகும், எந்த வயதில் குடித்தாலும் நாளாக ஆக எலும்பை இறுக்கும் என்று வாத்தியார் சொல்லியிருந்ததை அவர்களிடம் சொன்னான். அப்படி ஓர் ஊரைத் தேடித்தான் அவன் வகுப்பே அலைந்துகொண்டிருந்தது.

குடிதண்ணீர் கொல்லைக் கிணற்றிலிருந்து. வெட்டியவர் அதே பாட்டனார்.

'என் பாட்டன் கிணற்றையா குறை சொல்கிறான்?' என்று எத்திராஜுக்குச் சுருக்கென்றது. ஆனால் மனம் அதற்குள் புத்தூருக்குப் போய்விட்டது. அங்கே கட்டிக்கொடுத்த தங்கை வள்ளிக்கும் இதே கறைப் பல். அவள் பிள்ளைகளுக்கு? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். எல்லாம் வெள்ளை. இத்தனை வருஷம் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

யாரிடமும் சொல்லாமல் கொல்லைக்குப் போனார். கப்பிக் கயிற்றை இழுக்கக் குனிய வேண்டியதில்லை. தாமே நீர் இறைத்து, ஒரு பாட்டிலை நிரப்பிக் கோவர்த்தனனிடம் கொடுத்தார். "நல்லா பாத்துச் சொல்லு" என்றார்.

அடுத்த மாதம் அவன் வந்து சொன்னான்: வாத்தியார் சொன்ன உப்புதான். ஏரிக்கரைக் கிணற்றில் அவ்வளவு இல்லை. அன்று முதல் அந்த வீட்டுக்கு ஏரிக்கரையிலிருந்து வண்டியில் தண்ணீர் வந்தது. வெங்கடம்மா அரை மனதாகத் தலையை ஆட்டினாள். முகூர்த்தம் குறித்தார்கள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் காலைக் கழுவும் நேரம் வந்தது. கோவர்த்தனனை மேசைமேல் உட்கார வைத்தார்கள். சுந்தரி செம்பைக் கொடுக்க, எத்திராஜ் நின்றபடியே காலைக் கழுவினார்.

பந்தலில் பேச்சு கிளம்பிவிட்டது. "மாப்ள காலுக்கே குனியலியே! அது குனியாதவன் வம்சம்யா!" என்று உள்ளூர்க்காரர்கள் மார்தட்டினார்கள். "திமிரு" என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். இரண்டுமே எத்திராஜின் காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தன. ஆனால் வம்சம் என்ற சொல் விழுந்ததும் வெங்கடம்மாவின் கண் தாட்சாயணியின் வாய்க்குப் போனது. மணையில் இருந்த பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எத்திராஜ் செம்பைக் கீழே வைக்கவில்லை. பந்தலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"திமிரும் இல்ல, வம்சமும் இல்ல. எனக்குக் குனிய வராது. எங்க கெணத்துத் தண்ணி அப்படி."