ஐந்தாவது முட்டை

நாரிஸ் ஹெப்வொர்த்தைப் பார்க்கப் போகிறவன் முதலில் தலைக்குக் குளிக்க வேண்டும். என்னைப் போல வீட்டில் பறவை வளர்க்கிறவனாக இருந்தால் நகக்கண்ணைக்கூடத் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்படிக் குளித்துவிட்டுப் போனாலும், பின்வாசலில் இருக்கும் கரிக்கொட்டகையில் கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டு, அவன் மனைவி எனிட் துவைத்து வைத்திருக்கும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்ட பிறகே சமையலறைக்குள் கால் வைக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஏப்ரல் பாதியாகியும் பார்ன்ஸ்லி பக்கத்துக் குளிர் விடவில்லை. அறுபத்தெட்டு வயதில் கரிக்கொட்டகையில் பனியனோடு நின்று நடுங்குவது ஒன்றும் கௌரவமான காரியமில்லை. ஆனாலும் அன்று எனக்குக் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது. மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தேன். இதற்குள் நாரிஸ் வீட்டுக் குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருக்கும்.

நாரிஸ் முப்பத்தொரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். சுரங்கத்தை மூடி இரண்டு வருடம் கழித்து அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது ஊரே சுரங்கத்தைத் திட்டியது. எல்லாரையும்விட நான் சத்தமாகத் திட்டினேன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த ஒரு சின்னப் பெண்தான் வேறு மாதிரி கேட்டாள், வீட்டில் பறவை ஏதும் உண்டா என்று. பட்ஜி என்கிற குட்டிக் கிளி வளர்க்கிறேன், அறுபத்து நாலு இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாளாம். கரித்தூசி ஒன்றும் செய்யாத நுரையீரலை, காலையிலும் மாலையிலும் அவன் ஆசையாக உள்ளே இழுத்த இறகுத்தூசி தின்று தீர்த்திருந்தது. பறவைகள் போயாக வேண்டும், போனாலும் பெரிதாகத் தேறாது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை எங்கள் பட்ஜி வளர்ப்போர் சங்கத்து ஆட்கள் கூண்டும் கையுமாக வந்தார்கள். செயலாளர் என்ற முறையில் நான்தான் நின்று பிரித்துக் கொடுத்தேன். இழவு வீட்டில் செத்தவனையே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவன் சாமானைப் பங்கு போட்ட மாதிரி இருந்தது.

ஒரே ஒரு ஜோடியை மட்டும் அவன் விடவில்லை. எட்டு வயதான ஒரு ஸ்லேட் ஆண், அதற்கு ஒரு நீலப் பெட்டை. ஸ்லேட் என்பது நிறத்தின் பெயர். மழையில் நனைந்த எங்கள் தெருக் கூரைகளின் நிறம் அது. தெரியாதவர்கள் சாம்பல் என்பார்கள். கன்னத்துப் புள்ளியைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். சாம்பல் பறவைக்கு அந்த இடம் மங்கலாக இருக்கும், ஸ்லேட்டுக்கு நல்ல ஊதா. எங்கள் வட்டாரத்தில் அந்த நிறம் நாரிஸிடம் மட்டும்தான் இருந்தது. அவனிடமும் செத்துச் செத்து இந்த ஒரு கிழவனில் வந்து நின்றிருந்தது. நீலப் பெட்டையோடு ஸ்லேட் ஆணைச் சேர்த்தால் பிறக்கிற பெட்டைகள் எல்லாம் ஸ்லேட். ஆண்கள் பார்வைக்கு வெறும் நீலம், ஆனால் அந்த நிறத்தை உள்ளுக்குள் சுமந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும். ஆக ஒரு குஞ்சு போதும், பரம்பரை தப்பித்துவிடும். ஆனால் மூன்று வருடமாகக் கிழவன் சேர்ந்த முட்டை எல்லாம் கூமுட்டையாகவே போய்க்கொண்டிருந்தது.

தோட்டத்தில் இருந்த பறவைக் கொட்டகைக்குள் நாரிஸ் போகக்கூடாது என்பதால் எனிட்தான் எல்லாம் பார்த்தாள். நாற்பது வருடம் பட்ஜிக்காரனோடு குடித்தனம் செய்தும் அவளுக்கு நிறம் ஒன்றும் தெரியாது. "உங்களுக்கெல்லாம் இருபது கலர். எனக்கு ரெண்டே கலர்ப்பா. கழுவின கூண்டு, கழுவாத கூண்டு" என்பாள். கொட்டகையில் பார்த்ததைச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று கத்திச் சொல்வாள். உள்ளே மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அவன் கேட்டுக்கொள்வான். மார்ச் இரண்டாம் தேதி முதல் முட்டை வந்தது. குளிர்காலம் முழுக்க ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்த மனிதன், அன்று வறுத்த முட்டை இரண்டு கேட்டு வாங்கித் தின்றானாம். ஒருநாள் விட்டு ஒருநாளாகப் பத்தாம் தேதிக்குள் ஐந்து முட்டைகள் சேர்ந்தன.

பதினாலாம் தேதி காலையில் எனிட் என் வாசலில் வந்து நின்றாள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"முட்டைக்குப் பின்னால டார்ச் வச்சுப் பார்த்தேன் கிளைவ். ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல. வெறும் மஞ்சளா இருக்கு."

"அவன்கிட்ட சொன்னியா?"

"நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு. சொல்லிட்டு, நாளையிலேருந்து அவனுக்குச் சாப்பாடும் நீயே ஊட்டி விடு." கொஞ்ச நேரம் என் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்கிட்ட முட்டை இருக்கா?"

இருந்தது. எல்லா நிறமும் கலந்து கிடக்கும் பெரிய கூண்டிலிருந்து ஒரு பெட்டையை எடுத்து, நீலமும் நீலமுமாக நான் புதிதாகச் சேர்த்த ஒரு ஜோடி, அதே கணக்கில் ஐந்து முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. எப்படி யோசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நீலக் குஞ்சு வந்தால் ஆண் என்று சொல்லிவிடலாம், நிறத்தை உள்ளே சுமக்கிறதா இல்லையா என்பது எவன் கண்ணுக்கும் தெரியாது. பெட்டையாகத் தெரிந்தால் அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். பிறகு என்பது நாரிஸுக்கு அதிகம் இல்லை என்பதுதான் என் துணிச்சல். பஞ்சு வைத்த புகையிலை டப்பாவில் ஐந்து முட்டைகளைக் கொண்டுபோனேன். ஐந்தை எடுத்தேன், ஐந்தை வைத்தேன். எனிட் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

வீட்டுக்கு வந்து, எடுத்து வந்தவற்றை ஒரு சாஸரில் உடைத்துப் பார்த்தேன். எந்த முட்டையானாலும் உடைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுவது என் பழக்கம். நான்கு கூமுட்டை. ஐந்தாவதில் மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூல்கள் பிரிந்து ஓடின. நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. கிழவன் கடைசியில் ஒன்றைச் சாதித்திருந்தது. அது பத்தாம் தேதி இட்ட முட்டை, நான்கே நாள் ஆகியிருந்தது. எனிட்டின் மங்கல் டார்ச்சில் அது தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். கடைசி முட்டையை மட்டும் விட்டுவைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் புள்ளி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

என் முட்டைகளில் மூன்று பொரிந்தன. முதல் குஞ்சுக்கு நாரிஸின் எண் போட்ட வளையத்தைக் காலில் மாட்டிய நாள் அந்த வீட்டில் ஒரே கூத்து. விரல்களை எப்படிச் சேர்த்துப் பிடித்து வளையத்தை ஏற்றுவது என்று அவன் ஜன்னலுக்கு உள்ளே முள்கரண்டியும் திரைச்சீலை வளையமுமாக நடித்துக் காட்டினான். அவள் வெளியே குஞ்சை வைத்துக்கொண்டு, "முள்ளுக்கு வலிக்காது, இதுக்கு வலிக்கும்டா பாவி" என்று கத்தினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு இருமலாக மாறி அடங்கக் கால் மணி நேரம் பிடித்தது. அந்த வாரமே கிழட்டு ஆண் கூண்டுத் தரையில் செத்துக் கிடந்தது. எனிட் பயந்து பயந்து சொன்னாள். நாரிஸ் அதை எளிதாக எடுத்துக்கொண்டான். "பெட்டியில மூணு இருக்குல்ல. அவன் வேலை முடிஞ்சுது" என்றான். மறுநாள் மருமகனுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று தந்தி மாதிரி ஒரு போன் வந்தது. நிம்மதியாகக் கிளம்பிப் போனேன் என்றால் நம்புவீர்களா, அப்படித்தான் போனேன்.

இப்போது ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். நாரிஸ் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். சவரம் செய்திருந்தான்.

"வாடா. மருமகன் பிழைச்சானா?"

"உன் பேத்தி வயசுப் பொண்ணு ஒருத்தி அறுத்தா. பிழைச்சுட்டான். என் மக சமையலையே தாங்கினவன், கத்தியைத் தாங்க மாட்டானா?"

"உக்காரு. எனிட் கொட்டகைக்குப் போயிருக்கா. ரெண்டு நாளா கலரைக் கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறா. இன்னிக்கு நீ வர்றேன்னு தெரிஞ்சதும் கொண்டாந்து காட்டறேன்னுட்டு ஓடறா."

அவள் முற்றத்தில் வந்துகொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் மூடிக் குவித்திருந்தாள். ஜன்னலுக்கு நேரே நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, கைகளைத் திறந்தாள்.

பச்சை. புதுப் புல்லின் பச்சை. மார்பு, வயிறு, வால் முளை எல்லாம் பச்சை, முகம் மஞ்சள். ஸ்லேட்டும் நீலத்தில் ஒரு வகைதான், நீலமும் நீலமும் சேர்ந்தால் பச்சை பிறக்கவே பிறக்காது. போன மாதம் சங்கத்தில் சேர்ந்தவன்கூட அதைச் சொல்வான். கழுவின கூண்டு, கழுவாத கூண்டு தவிர நிறம் தெரியாத ஒருத்திக்கு மட்டும்தான் அது மூன்றில் மிக அழகான குஞ்சாகத் தெரிந்திருக்கும். அதனால்தான் அதைத் தேர்ந்து எடுத்து வந்திருக்கிறாள்.

நாரிஸ் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். விரலை இறக்கும்போது என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"உன் பெரிய கூண்டுலேருந்து எடுத்த பெட்டையை, ஜோடி சேர்க்கறதுக்கு முன்னாடி எத்தனை நாள் தனியா வச்சே?"

"எந்தப் பெட்டை?"

"கிளைவ்."

"ஆறு நாள்."

"மூணு வாரம் வைக்கணும்டா. பெரிய கூண்டுல எந்தப் பச்சைக்காரன் அது மேல ஏறினானோ, அவன் விதை உள்ளேயே இருக்கும். புதுசா வர்றவனுக்கெல்லாம் இதை நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கறவனே நீதானே." குரலில் கோபம் இல்லை. கண்காட்சியில் ஒரு பறவையின் குறையைச் சொல்கிற குரல். மூச்சு வாங்கியது, காத்திருந்தான். "அவளா கேட்டா?"

"ஆமா."

"கேப்பா." மடியில் இருந்த கையில் விரல்களை மடக்க ஆரம்பித்தான். "ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து. நீ வந்தது பதினாலு. காலையில தோட்டத்துல உன் இருமல் கேட்டுச்சு, ஆனா நீ உள்ள வரல. சரி, அவசரமாப் போறான்னு நினைச்சேன்." நான்கு விரல்களை மடக்கியிருந்தான். "இந்த நாலும் சரி. வெத்துன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இது?" கட்டைவிரல் நின்றுகொண்டிருந்தது. "இதுக்கு நாலே நாள். டார்ச்சுல தெரியாது. நீ உடைச்சுப் பார்த்திருப்பே. பார்க்காம போட மாட்டே."

"பார்த்தேன்."

"அஞ்சாவது?"

வெளியே எனிட் குஞ்சின் காலைப் பிடித்து வளையத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள், இவன் எண் போட்ட வளையம். நான் யோசித்ததாக நினைவில்லை.

"கூமுட்டைதான்" என்றேன். "அஞ்சும்."

அவன் அப்போதுதான் என் பக்கம் திரும்பினான். முப்பது வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து பறவைகளுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறோம். அவன் முகத்தில் எதை எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், என் முகத்திலும் அவனுக்குத் தெரியும்.

"மஞ்சக் கரு உடையாம இருந்துச்சா? கோடு ஒண்ணும் இல்லாம, நல்லா வழவழன்னு?"

"வழவழன்னு இருந்துச்சு."

"சரி" என்றான். கட்டைவிரலையும் மடக்கிக்கொண்டான். "அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். பச்சை நல்லாத்தான் இருக்கு. தலை அகலம் இருக்கு." அவன் நம்பினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு அழுகை வந்தது. இந்த வயதில், அதுவும் அவன் முன்னால், அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று குனிந்து ஸ்வெட்டரின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் முன்னால் சாய்ந்து கண்ணாடியில் நெற்றியை வைத்தான். அவன் மூச்சு பட்டுப்பட்டு ஜன்னலில் ஆவி படர்ந்தது. முதலில் குஞ்சு மறைந்தது, பிறகு எனிட்டின் கழுத்து, பிறகு முகம். அவள் ஏதோ கேட்டாள். அழகா இருக்கா என்றுதான் கேட்டிருப்பாள். பதில் வரவில்லை என்றதும் குஞ்சை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, ஸ்வெட்டர் கையை இழுத்து மணிக்கட்டில் சுற்றி, அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடியைத் துடைத்தாள். ஈரம் எங்கள் பக்கம் இருந்தது. நாரிஸ் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள்.