முழங்கை நீங்கலாக

அந்த டிசம்பரில் ஹான்செல் மோர்தானின் வலது கைக்கு விலை பேசிய பேஸ்பால் கிளப்புகள் மூன்று. கடைசிவரை விடாமல் நின்றது எவாரிஸ்தோ புது ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை பார்த்த கிளப்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சான் பெத்ரோவில் ஹான்செல் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, அவர் சட்டைப் பையில் ஒரு தாள் நாலாக மடித்து இருந்தது. கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

தாள் காப்பீட்டுக்காரர்களுடையது. நாலு வருஷச் சம்பளம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், மறுநாளே ஆட்டக்காரனின் கை போனாலும் கிளப் அதைக் கொடுத்தே தீர வேண்டும். அந்தப் பயத்தை வேறொருவர் தலையில் கட்டுவதற்குத்தான் பாலிசி. தலையை நீட்டுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எந்த உறுப்பில் முன்பே கோளாறு இருக்கிறதோ அதை நீக்கிவிட்டு மீதி உடம்பு மொத்தத்தையும் தாராளமாக ஏற்றுக்கொள்வார்கள். பந்து எறிகிறவனின் முழங்கையை விட்டுவிட்டு மூக்குக்கும் முதுகுக்கும் காப்பீடு எடுத்து யாருக்கு என்ன லாபம்?

கிளப்பின் மேலாளர் கார்வர் வடக்கேயிருந்து போனில் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். "முழங்கையும் சேர்ந்து பாலிசி வந்தா நாலு வருஷம். அத விட்டுட்டாங்கன்னா ஒரு வருஷம், அதுவும் யோசிச்சுதான். ஜூலைல எடுத்த ஸ்கேன் படமெல்லாம் சுத்தமா இருக்கு. நம்ம பக்கத்துலேருந்து அவன நல்லா தெரிஞ்ச ஒருத்தர், 'வலியோ வைத்தியமோ இருந்ததா எனக்குத் தெரியாது'ன்னு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. உங்கள விட அவன யாருக்குத் தெரியும்?"

உண்மைதான். பதினைந்து வயதில், கரும்புக் காட்டு ஓரம் எலுமிச்சம்பழத்தை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தவனைக் கண்டுபிடித்துக் கிளப்பின் பயிற்சி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் எவாரிஸ்தோ. அவர் வாலிபத்தில் பந்து பிடிக்கிறவராக ஆடி இரண்டு விரல் கோணிப்போனவர். ஹான்செலின் மகளுக்கு ஞானத்தகப்பனும் அவரே. அந்த ஞானஸ்நானத்திலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கொம்பாத்ரே என்றுதான் பேச்சு. இந்த ஊரில் அது ரத்த உறவுக்கு ஒரு பிடி மேல்.

ஹான்செலின் மனைவி யோகாஸ்தா கிழங்கும் கறியும் போட்ட சங்கோச்சோக் குழம்பைக் கிண்ணம் நிறைய ஊற்றி, மேலே வெண்ணெய்ப் பழத்தையும் வெட்டி வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் வாதுமை மரத்தடியில் டொமினோ மேசை போட்டார்கள். ஹான்செலும் எவாரிஸ்தோவும் ஒரு கட்சி. எதிரே யோகாஸ்தாவின் தம்பி சேலோவும் பக்கத்து வீட்டுத் தபால்காரரும்.

"காசு வந்தவொடனே எங்களையெல்லாம் மறந்துருவீங்க மச்சான்," என்றான் சேலோ, காய்களைக் கலைத்தபடி.

"ஒன்ன மறக்கணும்னா இன்னும் பத்து மில்லியன் கேக்கணும்டா."

அந்த ஊரில் டொமினோக் காயை யாரும் மெதுவாக வைப்பதில்லை. கையை ஓங்கி மேசை அதிர அறைவார்கள். எண்பது வயதுக் கிழவர்கூட அறைவார். அறையாமல் வைப்பவனிடம் நல்ல காய் இல்லை என்று அர்த்தம், அல்லது உடம்பு சுகமில்லை என்று அர்த்தம். இரண்டு ஆட்டம் போனபின்தான் எவாரிஸ்தோ அதைக் கவனித்தார். ஹான்செல் காயை நகர்த்தி வைத்தான். ஜெயிக்கிற காயைக்கூட இரண்டு விரலால் தள்ளிவிட்டுச் சிரித்தான். மூன்றாவது ஆட்டத்தில் அவன் கையிலிருந்து ஒரு காய் நழுவி விழுந்தது. அதை இடது கையால் எடுத்தான்.

எவாரிஸ்தோ தன் காய்களைக் கவிழ்த்து வைத்தார். வாழ்நாள் முழுக்க எறிகிறவனின் கையைப் பார்த்தே பிழைத்த மனுஷன். வேண்டாம் என்றாலும் கண் அங்கேதான் போகும்.

"கொம்பாத்ரே, கொஞ்சம் இப்படி வா," என்று அவனை அடுக்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். "எப்பலேருந்து?"

"என்ன எப்பலேருந்து?"

"எங்கிட்ட பூசி மெழுகாத. ஒனக்கு வலியே இருந்ததில்லன்னு நான் கையெழுத்துப் போடணும். முழங்கை கெட்டா சுண்டு விரல்தான் மொதல்ல மரக்கும். மரத்துப் போச்சா?"

ஹான்செல் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டான். "செப்டம்பர்லேருந்து. கடைசி மூணு ஆட்டம் விரல் இருக்கா இல்லையான்னே தெரியாமதான் எறிஞ்சேன். இங்க வந்தப்புறம் கன்சுவேலோ பேட்டைல கை நீவி விடுற ஒரு அம்மாகிட்ட எண்ணெய் போட்டுக்கிட்டேன். டாக்டர்கிட்ட போகல. போனா எழுதிருவான்."

"யாருக்குத் தெரியும்?"

"யோகாஸ்தாவுக்கு. இப்ப ஒங்களுக்கு. ஒங்க காதுல விழுந்தது ஒங்க காதோட இருக்கட்டும்."

"அந்தக் கையோட எறிஞ்சா மொத்தமா அறுந்துரும்டா. இப்பவே வெட்டித் தைச்சா ஒரு வருஷம்தான் போகும்."

"வெட்டித் தைச்சவனுக்கு நாலு வருஷம் எவன் குடுப்பான்? எனக்கு முப்பத்தோரு வயசு. ஆறு வருஷம் கிளப்காரன் குடுத்தத வாங்கிட்டு இருந்தேன். இப்பதான் மொதமொறையா நான் கேக்குற இடத்துல நிக்கிறேன்." ஹான்செல் அவரை நேராகப் பார்த்தான். "விடுதில மொத நாள் என்ன சொன்னீங்க? 'வலிக்குதுன்னு வெள்ளக்காரன்கிட்ட சொன்னவன் அடுத்த பஸ்ல ஊருக்குப் போயிருவான்'னு சொன்னீங்களா இல்லையா?"

சொன்னார். வருஷா வருஷம் வந்த பையன்கள் எல்லோரிடமும் சொன்னார். பிழைக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். எத்தனை பேர் அதைக் கேட்டு, வாயை மூடிக்கொண்டு, கையைக் கெடுத்துக்கொண்டு இன்று மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றுகிறார்கள் என்று கணக்குப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை.

யோகாஸ்தா கதவருகே வந்து நின்றாள். "போட்டுக் குடுத்துருங்க கொம்பாத்ரே. ஒரு கையெழுத்துதான. நாலு வருஷம் கெடைச்சா அவர் கை போனாக்கூட பிள்ள நல்லா இருக்கும்."

அவள் சொன்னதில் தப்பு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தக் கை அறுந்துபோவதற்குத் தன் பெயரை எழுதிக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. ஒருமுறை வாயால் சொல்லிக் கெடுத்தது போதும். கார்வரிடம் உண்மையைச் சொன்னால் அவரே முதலில் வைத்தியத்துக்கு அனுப்புவார், சம்பளம் குறைந்தாலும் கை மிஞ்சும் என்று நம்பினார். முப்பது வருஷம் அந்தக் கிளப்பில் இருந்தும் அப்படி நம்பினாரே, அவரை என்ன சொல்ல?

காரில் உட்கார்ந்து வடக்கே போன் போட்டார். கார்வர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"டாக்டர் சீட்டு ஏதாவது பாத்தீங்களா?"

"இல்ல. அவனே சொன்னான்."

"மதியம் சாப்ட்டுட்டு டொமினோ ஆடுறப்ப சொன்னது. அது எனக்குத் தகவல் இல்ல, எவாரிஸ்தோ. முதலாளி பத்திரிகைக்காரங்கள வியாழக்கிழமைக்கு வரச் சொல்லிட்டாரு. போன வருஷம் கடைசி எடத்துல வந்தோம். இவன விட்டா ஆடுகளத்துல காக்காதான் உக்காந்திருக்கும். எனக்கு எதுவும் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. கையெழுத்துப் போடுங்க."

"அவன் கை போயிட்டா?"

"அதுக்குத்தான பாலிசி."

எவாரிஸ்தோவுக்கு அப்போதுதான் விளங்கியது. கிளப் எடைபோட்டு முடித்திருந்தது. எடைத்தட்டில் இருந்தது கை இல்லை. கை போனால் பணம் திரும்பி வருமா வராதா என்பது மட்டும்தான். வராமல் போனால் பழியைச் சுமக்க ஒரு கையெழுத்து வேண்டும், அதற்கு அவர்.

"நான் போடல," என்றார். போனை வைத்தார்.

போடவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை, அவர் வயதை மதித்து ஓய்வு கொடுப்பதாக ஒரு கடிதம் வந்தது. புதன்கிழமை அவர் இடத்துக்கு மியாமியிலிருந்து இருபத்தெட்டு வயதுக்காரன் ஒருவன் வந்தான். ஹான்செலை அதற்குமுன் பார்த்தேயிராதவன். எந்த உறுத்தலும் இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். பொய்கூட இல்லை, அவனுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. பாலிசி முழுசாக வந்தது. வியாழக்கிழமை நாலு வருஷம் என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள்.

அன்று மாலை ஹான்செல் போனில் கூப்பிட்டான். "ஒங்கள ஏன் நிறுத்துனாங்கன்னு எனக்குத் தெரியாதா? என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு, என் கைய வெள்ளக்காரன்கிட்ட போய் வித்துட்டீங்கள்ல?"

"கை போயிரக் கூடாதுன்னுதான்..."

"என் கை. போனா எனக்குத்தான் போவும். நீங்க யாரு அதுக்கு?"

கொம்பாத்ரே என்று சொல்லவில்லை. அதன்பின் கூப்பிடவும் இல்லை. ஞானமகளின் பிறந்தநாளுக்கு அவர் அனுப்பிய சைக்கிள் பெட்டியோடு திரும்பி வந்தது.

மே மாதம், மூலைக்கடைத் தொலைக்காட்சியில் எவாரிஸ்தோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது இன்னிங்ஸ். ஹான்செல் எறிந்தான். பந்து பிடிக்கிறவன் தலைக்கு மேல் போய் வேலியில் இடித்தது. அவன் பந்தைப் பார்க்கவில்லை. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, யாரும் கூப்பிடும் முன்பே எறிகிற மேட்டை விட்டு இறங்கி நடந்தான். கடையில் பியர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் பாட்டிலைக் கீழே வைத்தார்கள். எவாரிஸ்தோ எழுந்து வெளியே போய், யாருக்கும் தெரியாமல் அழுதார்.

அறுவை நடந்தது. தசைநார் முழுக்க அறுந்திருந்தது, நரம்பும் பழைய சேதம். திரும்ப எறிவானா என்று டாக்டர்கள் பட்டும் படாமலும் பேசினார்கள். சேதம் பழையது என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காப்பீட்டுக்காரர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள்.

ஆகஸ்டில் காப்பீட்டுக்காரர்களிடமிருந்து எவாரிஸ்தோவுக்கு ஒரு போன். போர்த்தோ ரீக்கோக்காரியின் இனிமையான பேச்சு. "ஐயா, ஒப்பந்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒங்கள வேலையிலிருந்து நிறுத்தியிருக்காங்க. கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கதான்னு பழைய கடுதாசில இருக்கு. ஏன் போடல? அவருக்கு வலி இருந்தது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா? நாம பேசுறது பதிவாகுது."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். தெரியும் என்றால் பாலிசி செல்லாது. பாலிசி போனால் கிளப் அந்த நட்டத்தைச் சும்மா விழுங்காது. மறைத்து ஏமாற்றிவிட்டான் என்று ஹான்செல் மேல் பாய்ந்து மீதி மூன்று வருஷச் சம்பளத்தை நிறுத்தப் பார்க்கும். தனக்குச் சொல்லப்பட்டதைக் கார்வர் ஒப்புக்கொள்வாரா? இவர் இப்போது பொய் சொன்னால் கார்வரும் சேர்ந்து தப்பிப்பார். ஆனால் கை ஏற்கனவே போய்விட்டது. அந்த வீட்டுக்கு மிஞ்சியிருந்தது அந்தச் சம்பளம் ஒன்றுதான்.

"ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. எனக்கு வயசாயிருச்சு, நானே நின்னுட்டேன். வலிக்குதுன்னு அவன் எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல."

அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டேன் என்றுதான் முப்பது வருஷ வேலையையும் கொம்பாத்ரேயையும் இழந்தார். இப்போது அதைத் தன் வாயாலேயே சொல்லியாயிற்று. ஹான்செலுக்கு இது தெரியவும் போவதில்லை.