காலி வரிசையில் போட்ட சொல்

அந்த அலுவலகத்தில் மேலாளர் உட்பட எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அது அடியோடு பிடிக்காது. சிப் வடிவமைப்பில் அவளை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவளை உறவுமுறை சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவைத்தது ஒரே ஒரு வாய், கணவனின் தங்கை வாய். அதே மாடியில், சோதனைப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, அண்ணி வரைவதிலெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் நாத்தனார்.

வீட்டில் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்தாள். திரைச்சீலை கோணல். தேநீர் ஆறிப்போய்விட்டது. குழந்தையின் காலுறை ஜோடி மாறியிருக்கிறது. கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள் கொஞ்ச நாளில் கிளம்பிவிடுவாள் என்று அண்ணி மனப்பால் குடித்தாள். அவளோ வெளிச்சமான அறையாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். கணவனிடம் முறையிட்டால், "ரெண்டு பேரும் படிச்சவங்க, நீங்களே பேசித் தீத்துக்கங்க" என்று கைபேசிக்குள் தலையை விட்டுக்கொள்வான். ஆகவே அண்ணி பாத்திரம் கழுவும் நேரத்துக்குக் காத்திருப்பாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் நாத்தனாரை வாயாரத் திட்டித் தீர்ப்பாள். அப்போதுதான் அவளுக்குச் சாப்பிட்டது செரிக்கும்.

இந்தப் பகை கடைசியில் சிப்பில் வந்து முட்டியது.

அது சாதாரண சிப் அல்ல. மற்ற கணினிகளில் நினைவகம் ஒரு பக்கம், ஒப்பிட்டுப் பார்க்கும் மூளை இன்னொரு பக்கம். ஒவ்வொன்றாக எடுத்துவந்து பார்க்க வேண்டும். போய் வருவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். அண்ணி நினைவகத்துக்கே ஒப்பிடக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஆயிரக்கணக்கான வரிசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வைரஸின் அடையாளம். வலை வழியாக வரும் தரவைக் காட்டி, 'இது யாரிடம் இருக்கிறது?' என்று ஒருமுறை கேட்டால் போதும். அத்தனை வரிசையும் ஒரே சமயத்தில் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். வைத்திருக்கிற வரிசை கையைத் தூக்கும். கண் இமைக்கக்கூட நேரம் பிடிக்காது.

ஒரே ஒரு கோளாறு. அழித்துக் காலியாக்கிய வரிசை வாயை மூடிக்கொண்டு இருக்காது. எதைக் கேட்டாலும் 'என்னிடம் இருக்கிறது' என்று கையைத் தூக்கிவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதைக் கண்டுபிடித்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"ஒவ்வொரு வரிசையிலயும் 'காலி'ன்னு குறிச்சு வைக்க ஒரு இடம் வேணும், அண்ணி. இல்லாட்டி இது உருப்படாது" என்றாள் நாத்தனார், எல்லோர் முன்னாலும்.

"அதுக்கு முதல்லேருந்து வரையணும். அதுவரைக்கும் வாங்க வர்றவங்க காத்துக்கிட்டிருப்பாங்களா? காலி வரிசையிலெல்லாம் யாரும் அனுப்பவே அனுப்பாத ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிட்டேன். அது வரவும் வராது, கை தூக்கவும் தூக்காது."

"எந்தச் சொல்லு?"

"அது உனக்கெதுக்கு?"

"எல்லா வரிசையிலயும் ஒரே சொல்லா? அது ஒருதடவை வந்துட்டா அத்தனையும் ஒண்ணாக் கை தூக்கும். சிப்பைப் பொருத்தியிருக்கற பலகை அவ்வளவு மின்சாரத்தைத் தாங்காது."

"வந்தாத்தானே?"

மேலாளருக்கு விற்பனைதான் முக்கியம். அண்ணி பக்கம் சாய்ந்தார். சிப் விலைபோனால் வேறு ஊரில் புதிய கிளை, அதற்கு அண்ணி தலைவி, குடியிருக்க வீடும் உண்டு. நாத்தனார் இல்லாத வீடு! அந்த வீட்டின் சமையலறையில் சத்தமே இல்லாமல் பாத்திரம் கழுவுவதாக அண்ணி பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

சிப்பைப் பார்க்கத் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் வந்தார். சிரிப்பை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்த முகம். தாம் கொண்டுவந்த தரவையெல்லாம் மூட்டை மூட்டையாகச் சிப்பில் கொட்டினார். ஒளித்து வைத்திருந்த வைரஸ் ஒன்றுவிடாமல் கையும் களவுமாகச் சிக்கியது. அவருடைய புருவம்கூட லேசாக ஏறியது. அண்ணி நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள், போடி என்கிற பார்வை.

"இதைச் சோதிச்சவங்க யாரு?" என்று கேட்டார் பொறியாளர். "அவங்க ஒண்ணு கேக்கட்டும். அதுக்கப்புறம் பேசலாம்."

நாத்தனார் எழுந்து வந்தாள். விசைப்பலகை முன் உட்கார்ந்தவள் உடனே அடிக்கவில்லை. அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். நொட்டை சொல்லும்போது வரும் முகம் அல்ல அது. அந்த முகம் அண்ணிக்கு மனப்பாடம். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, ஒரு சொல்லை அடித்தாள். பெரிய திரையில் அது கொட்டை எழுத்தில் விழுந்தது.

வாழாவெட்டி.

காலி வரிசைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் கையைத் தூக்கின. திரை முழுக்கச் சிவப்பு எண்கள் ஓடின. பலகையின் விசிறி ஒருமுறை முனகிவிட்டு நின்றது, அதன் விளக்குகள் அணைந்தன. திரையில் அந்தச் சொல் மட்டும் அப்படியே நின்றது. நாத்தனாரின் கதை தெரியாதவர் அந்த மாடியில் யாரும் இல்லை. ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதை யார் உள்ள போட்டது?" என்றார் பொறியாளர்.

பழியை நாத்தனார் மேலேயே தூக்கிப் போட்டுவிடலாமா என்று அண்ணிக்குத் தோன்றியது. ஆமாம், அந்த நேரத்திலும் தோன்றியது. ஆனால் தன்னைப் பற்றித் தானே எவள் இப்படி எழுதி வைப்பாள்? மேலாளர் அண்ணியைப் பார்த்தார். பொறியாளர் தம் பையை எடுத்துக்கொண்டு, "வேற இடம் பாத்துக்கறோம்" என்று கிளம்பினார். சிப் போனது, கிளை போனது, அந்த வீடும் போனது.

இருவரும் ஒரே காரில்தான் வந்திருந்தார்கள். ஒரே காரில்தான் திரும்ப வேண்டியிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த அண்ணிக்கு வெட்கம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிதாக ஆத்திரம் ஒரு பக்கம்.

"என்னைக் கவுக்கணும்னே பண்ணிருக்கே. எத்தனை சொல்லைப் போட்டுப் பாத்து வச்சிருந்தே?"

"ஒண்ணும் பாத்து வைக்கல. இப்ப அடிச்சதுதான் மொத தடவை." நாத்தனார் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற சொல்லா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டேதான் அடிச்சேன்."

வண்டி வீட்டு வாசலில் நின்றது. நாத்தனார் இறங்கி, கதவைச் சாத்தப் போனவள், குனிந்து உள்ளே பார்த்தாள்.

"இனிமே குழாயைத் திறந்து வச்சுக்க வேணாம், அண்ணி. தண்ணி வீணாப் போகுது. நேராவே சொல்லுங்க."