ஆறாம் நம்பர் வண்டியின் எண்ணெய்

பொழுது இன்னும் முழுதாக வெளுக்கவில்லை. அதற்குள் சூடு ஏறிவிட்டது. பெர்த்துக்கு வெகு வடக்கே, பில்பரா வனாந்தரத்தின் செம்மண் பல்லிடுக்கில் கரகரக்க, மெக்கானிக் மரீ டலக் ஒரு பிக்கப் வண்டியின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து அடுத்ததன் அடியில் நுழைந்தாள். இரும்புச் சுரங்கத்துக்கு ஆளும் குழாயும் டீசலும் ஏற்றிப் போகும் வண்டிகள். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினால் ஒரு பிடி மண் கொட்டும். புதிது கேட்டால், "தட்டிட்டு அதையே மாட்டு" என்பான் ஒப்பந்தக்காரன் ஹோப்லி. மண்ணைத் தின்றே அந்த எஞ்சின்கள் ஓடின.

இன்று எண்ணெய் மாதிரி எடுக்கும் நாள். எஞ்சின் சூட்டோடு இருக்கும்போதே அளவு பார்க்கும் ஆயில் கம்பியை உருவிவிட்டு, அந்த வழியாக மெல்லிய டியூபை இறக்கி, கைப்பம்பால் கறுத்த எண்ணெயை உறிஞ்சிச் சின்ன பாட்டிலில் பிடிக்க வேண்டும். வண்டி நம்பரை எழுதி பெர்த்துக்கு அனுப்பினால், எவ்வளவு மண் போயிருக்கிறது, எவ்வளவு இரும்பு தேய்ந்திருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள். தேறாத வண்டியைச் சுரங்கம் வாசலுக்குள் விடாது.

போன தடவை ஹோப்லி தானே பம்பைப் பிடித்தான். புது வண்டியான ஆறாம் நம்பரிலிருந்தே எல்லா பாட்டில்களையும் நிரப்பி, மேலே வேறு வேறு நம்பர் எழுதினான். டிரைவர்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். "ஒருத்தன் ரத்தத்தை எடுத்து ஊருக்கே நோயில்லைன்னு எழுதிட்டான்" என்று அவர்களில் ஒருவனான வயரெமு சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

போன வாரம் அந்தச் சிரிப்பு செத்தது. மூன்றாம் நம்பரின் எஞ்சின் சரிவில் இறுகிப்போய் நின்றது. ஸ்டீயரிங் கல்லாகிவிட, வண்டி மண்மேட்டில் மோதி உருண்டது. ஓட்டியவன் சியோனே, டோங்கா தீவுக்காரன். பெர்த் ஆஸ்பத்திரியில் அவன் காலைக் காப்பாற்ற முடியுமா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. ஹோப்லி பூ அனுப்பவில்லை. "ஆயில் பாக்காம ஓட்டினான், தப்பு அவன் மேல, வேலையும் இல்ல" என்று செய்தி அனுப்பினான். நாக்கில் நரம்பில்லாதவன். தினமும் ஆயில் கம்பியைத் துடைத்துப் பார்க்காமல் சியோனே சாவியைத் தொட்டதில்லை என்பது முகாமுக்கே தெரியும்.

இப்போது அதே ஹோப்லி காலி பாட்டில் பெட்டியை மரீயின் காலடியில் வைத்தான்.

"எல்லாத்தையும் ஆறுலயே பிடிச்சிடு, மரீ."

"அந்தந்த வண்டியில அந்தந்த ஆயிலைத்தான் எடுப்பேன், பாஸ்."

"எடுத்தா பாதி வண்டி நாளைக்கு இங்கதான் நிக்கும். உங்களுக்குத்தான் வேலை போகும். புரியுதா?"

"மூணாம் நம்பரும் இதே மாதிரி தேறின வண்டிதான்."

"அது டிரைவர் பண்ணின கோளாறு."

"சியோனேவுக்கு ஒரு கால் போகப் பாக்குது. அவன் மேலயே பழியைப் போடுறியே, உனக்குக் கூசலையா?"

ஹோப்லியின் கழுத்து சிவந்தது. "மதிய பிளேன்ல கிளம்பு. பொட்டியைக் கட்டு."

மரீக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயமும் இருந்தது, வீட்டில் அவள் சம்பாத்தியம் ஒன்றுதான். அவள் பம்பைக் கீழே வைக்கவில்லை.

டிரைவர்களில் முதலில் நகர்ந்தவள் ரேலீன். இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண், அதிர்ந்து பேசமாட்டாள். தன் வண்டியின் முன்மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு, "முதல்ல என்னோடத எடு" என்றாள். "நான் எதுல உக்காந்து சரிவுல இறங்குறேன்னு எனக்குத் தெரியணும்."

வயரெமுவும் திறந்தான். அடுத்தடுத்து மற்ற மூடிகளும் எழுந்தன. சாவிகளெல்லாம் அவரவர் சட்டைப்பைக்குள் போயின.

"வண்டியை எடுங்கடா" என்று ஹோப்லி கத்தினான்.

"ரிசல்ட் வரட்டும், எடுக்கிறோம்" என்றான் வயரெமு. "சியோனே வேலையும் திரும்ப வரட்டும். மரீயை அனுப்பினா எங்க எல்லாருக்கும் சேர்த்து டிக்கெட் போடு, பாஸ்."

அந்த நேரம் பார்த்து ஒரு இழுவை லாரி உள்ளே நுழைந்தது. மூலையில் நசுங்கிக் கிடந்த மூன்றாம் நம்பரைப் பழைய இரும்புக்கு ஏற்றிப்போக ஹோப்லி வரவழைத்தது. சுரங்கத்து அதிகாரிகள் விபத்தைப் படம் பிடித்துவிட்டுப் போனதோடு அந்த வண்டியின் கதை முடிந்தது என்று நினைத்திருந்தான். அதன் வயிற்றில் இன்னும் எண்ணெய் இருந்தது. மரீ பம்போடு அங்கே ஓடினாள்; பின்னால் எல்லோரும் ஓடினார்கள்.

லாரிக்காரர் நரைத்த தாடியை வருடிக்கொண்டு இறங்கினார். கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர், கெர்வின்.

"செத்த வண்டிக்கு எதுக்கு வைத்தியம்?"

"ஓட்டினவன் உயிரோட இருக்கான்" என்றாள் மரீ, டியூபை இறக்கியபடி. "அவன்தான் கெடுத்தான்னு சொல்றாங்க."

குளிர்ந்த எண்ணெய் கூழாக ஏறியது. பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தபோது உள்ளே எஞ்சின் தேய்ந்து உதிர்ந்த இரும்புப்பொடி மின்னியது. மரீ அதில் நம்பருக்குக் கீழே சியோனேவின் பெயரையும் எழுதினாள்.

"சங்கிலியை மாட்டுய்யா" என்றான் ஹோப்லி. "உனக்கு இதுல என்ன?"

ரேலீன் மூன்றாம் நம்பரின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். வயரெமு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தரை அப்போதே சுட்டது.

கெர்வின் சங்கிலியைச் சுருட்டித் தன் லாரியின் பின்னால் போட்டார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்தார். பிறகு அதன் முன்மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு மரீயைப் பார்த்தார்.

"சூடாத்தான் இருக்கு. இதுவும் இதே மண்ணைத்தான் தின்னுது. இன்னொரு பாட்டில் இருக்குமா?"