பதினோரு முட்டைகளும் மூடியைத் திறந்தவனும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. சொன்னவன் நான். பக்கத்து வீட்டுச் செவ்வந்தியிடம் சொன்னேன், அவள் நம்பிவிட்டாள். நம்பாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'வெள்ளகோவிலில் அன்று நல்ல வெயில்...' (வெள்ளகோவிலில் வெயில் அடிப்பது ஒரு செய்தியா? அடித்துவிட்டேன்.)

அடுத்தது: 'செவ்வந்தியின் கோழியை நாய் கவ்விக்கொண்டு போனபோது கூடையில் பதினோரு முட்டைகள் இருந்தன.' இது பரவாயில்லை, நடந்ததும் இதுதான். அவள் நூல் மில்லுக்குப் போகிறவள். அவளிடம் இருந்தது ஒரு கோழி, ஒரு சேவல், அவ்வளவுதான். என்னிடம் இன்குபேட்டர் இருப்பது தெருவுக்கே தெரியும். ரிட்டயர்டு ஆனபின் வாங்கிய தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு பல்பும் சின்ன ஃபேனும். முட்டைகளோடு ஓர் இரும்பாணியையும் கரித்துண்டையும் சேர்த்துக் கொண்டுவந்தாள்.

"இடி இடிச்சா கரு கலங்கிப் போயிருமுங்க சார். இதையும் உள்ள வெச்சுருங்க. அந்தக் கோழியோடது இதுதானுங்க மிச்சம்."

உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வைத்தேன். கதைக்கு ஆகும் என்று தோன்றியது.

3

(இங்கே கொஞ்சம் கட்டுரை வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) குஞ்சு பொரியாவிட்டால் எதையெல்லாம் சந்தேகப்பட வேண்டும்? சூடு: முப்பத்தேழரை டிகிரி, பிசகவில்லை. கரண்ட் ஒரே ஒருமுறை, பத்து நிமிடம் போனது. முட்டைகளைத் தினமும் மூன்று தடவை திருப்பிவைத்தேன். ஈரத்துக்குக் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. ஏழாம் நாள் செல்போன் டார்ச்சில் பார்த்தபோது ஒன்பது முட்டைகளில் சிவப்பு நரம்புகள் ஓடின. செவ்வந்தியிடம் சொல்லவில்லை. கதைக்கு ஓர் ஆச்சரியம் வேண்டுமே என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பாக்கி ஒன்றுதான். கடைசி மூன்று நாள் மூடியைத் திறக்கக் கூடாது.

4

இருபதாம் நாள் காலையில் உள்ளே சத்தம் கேட்டது. 'கீச்' என்று எழுதினேன், திருப்தியில்லை. திறந்து கேட்டேன். மூன்று முட்டைகளில் விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசல் நகம் அளவா, அரிசி அளவா? மறுபடி திறந்தேன். (அன்று மட்டும் எட்டு முறை. நோட்டில் எட்டுக் குறிப்புகள் இருக்கின்றன.)

மறுநாள் சத்தம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. உடைத்துப் பார்த்தேன். ஒன்பதும் முழுசாக வளர்ந்த குஞ்சுகள். ஈரம் போய், உள்சவ்வு காய்ந்து, இறகோடு ஒட்டிக்கொண்டு...

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.]

5

புதைத்துவிட்டுக் கைகழுவும்போது செவ்வந்தி வந்தாள். குஞ்சு பொரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"இடி கிடி இடிச்சுதுங்களா சார்?"

ஆமாம் என்றிருக்கலாம், யாருக்கும் நட்டமில்லை. மாசி மாதத்து வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரிச் சொன்னேன்: "கருவே கூடலீங்க அம்மணி. சேவல் சரியில்லைன்னு நெனைக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வந்ததும் தூக்குப்போசியோடு வந்தாள். உள்ளே கோழிக்குழம்பு.

"ஆகாத சேவல வெச்சுட்டு என்னங்க பண்றது? நீங்க இருவத்தியொரு நாளு பாடுபட்டீங்க. அதான் உங்களுக்குங் கொஞ்சம்."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று வேறு சொன்னேன். இந்த இரண்டு வரிகளை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றினேன்.

6

முடிவு ஒன்று: அவளிடம் உண்மையைச் சொல்கிறேன். (எழுதிப் பார்த்தேன். மன்னித்துவிடுகிறாள். எழுதுவது நானாக இருந்தால் அப்படித்தான் மன்னிப்பாள். கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அன்று இடி இடித்ததாக மாற்றுவது. (கை கூசியது.)

நிஜத்தில் நடந்தது வேறு. அந்தியூரில் அக்கா வீட்டுக்குப் போனவள் ஏழு முட்டைகளோடு திரும்பினாள். "இது நல்ல சேவலோடதுங்க சார்" என்று என்னிடமே கொடுத்தாள். பழைய ஆணியே போதும் என்றாள்.

இன்று பதினெட்டாம் நாள். மூடியின் மேல் இந்த நோட்டு இருக்கிறது. குஞ்சு பொரிந்தால், அவள் அறுத்த சேவல்தான் கெட்டது என்று ஆகிவிடும், என் பொய்க்கு உயிர் வந்துவிடும். பொரியாவிட்டால் அந்தியூர்ச் சேவலும் போய்விடும். மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் அவளிடம் நான் என்ன சொன்னேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் கையில் விட்டால் திறந்து பார்த்துவிடுவேன்.