இடக்காதுப் பக்கம்

படைக் கிடங்கின் தையலறையில் எனக்குப் பதினெட்டு வருட வேலை. அதற்குள் நாலு தடவை தொப்பி மாறிவிட்டது. நான் சேர்ந்தபோது ஒரு பக்கம் சரித்துப் போடும் பச்சை பெரே தொப்பி, நெற்கதிர் பேட்ஜ். ஆட்சி மாறியது, கதிரைப் பிடுங்கிவிட்டுச் சிங்கத்தை வைத்தோம். சிங்கம் யாருக்கோ பிடிக்கவில்லை, நீலத் துணியும் நங்கூரமும் வந்தன. கடலே இல்லாத நாட்டுக்கு எதற்கய்யா நங்கூரம் என்று கேட்டிருந்தால் வேலை போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு தைத்தேன்.

பிறகு நாட்டை ஆண்ட தலைவர் தன் காவலுக்கென்று தனிப்படை திரட்டினார். அவர்களுக்குச் சிவப்புத் தொப்பி, கத்தி பேட்ஜ். மற்றவர்கள் தொப்பித் துணியை வலக்காதுப் பக்கம் சரித்துப் போட, இவர்கள் மட்டும் இடக்காதுப் பக்கம் சரித்தார்கள். தனியாகத் தெரிய வேண்டுமாம், பெரிய மாப்பிள்ளைகள்! ஆறு வருடம் அவர்களுக்கு அளவெடுத்து, ஒவ்வொரு தலையிலும் என் கையாலேயே தொப்பியைப் படிய வைத்தேன்.

போன மாதம் தலைவர் ஓடிவிட்டார். இப்போது எல்லோருக்கும் கறுப்பு, நட்சத்திர பேட்ஜ். சிவப்புத் தொப்பிக்காரர்களைத் தேடித் தேடி லாரியில் ஏற்றினார்கள். ஏறியவர்களில் ஒருத்தன்கூடத் திரும்பவில்லை.

என் தம்பி அந்தப் படையில் இருந்தவன். வேறு முகாம் என்பதால் இங்கே அவனை யாருக்கும் தெரியாது. காகிதத்தை மாற்றி, புதிதாகச் சேருகிறவர்கள் பட்டியலில் நுழைந்துவிட்டான். ஆனால் போன வாரம் வந்த அதிகாரி ஒரு சோதனை வைத்திருந்தார். தொப்பியைக் கையில் கொடுத்து, "போடு" என்பார். கை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார். அவ்வளவுதான்.

ஒரு வாரம் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவனைப் பழக்கினேன்.

"போடு."

போட்டான். கை இடப்பக்கம் போனது. அளவுகோலால் மணிக்கட்டில் ஒன்று வைத்தேன்.

"ஆ! வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும். லாரில ஏறினா வலிக்காதா? அறிவு கெட்டவனே, மறுபடி போடு."

"நூறு தடவ போட்டாச்சு. அடிக்கிறதுல நீ அப்பாவுக்கு மேல இருக்க."

"இருநூறு போடு."

சிரித்தான். தொப்பியைப் பிடுங்கி மறுபடி அவன் கையில் திணித்தேன்.

சோதனை நாள் காலையில் திடலில் அறுபது பேர் நின்றார்கள். நான் மேசையருகே தொப்பிகளை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன். தம்பியின் முறை வந்தது. வாங்கினான், என்னை யாரோபோலப் பார்த்தான், போட்டான். வலப்பக்கம்! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்தவனுக்குச் சின்னத் தலை. தொப்பி கண்ணை மறைத்தது.

"ஏம்மா, இவனுக்கு நீங்களே போட்டு விடுங்க," என்றார் அதிகாரி.

என் கண் தம்பியின் முதுகிலேயே இருந்தது. தப்பித்துவிட்டான், தப்பித்துவிட்டான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை தன்பாட்டுக்கு வேலையைச் செய்தது.

"கொஞ்சம் நில்லுங்க," என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். அந்தத் தொப்பி இடக்காதுப் பக்கம் சரிந்திருந்தது. பாழாய்ப்போன என் கை!

"இத எங்க பழகினீங்க?"

அவசரமாக அந்தத் தொப்பியை வலப்பக்கம் இழுத்துவிட்டேன்.

"அப்போ சிவப்புத் தொப்பிக்காரன் ஒவ்வொருத்தன் மூஞ்சியும் உங்களுக்குத் தெரியும்." குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒரு நாற்காலி போடுங்கப்பா. எல்லாரும் இவங்க முன்னால ஒவ்வொருத்தரா நடங்க. தெரிஞ்சவன காட்டுங்கம்மா."

நடந்தார்கள். அதில் நாலு பேர் என் கையால் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டவர்கள். தெரியாது என்று தலையாட்டினேன். தம்பி வந்தான், போனான். தெரியாது என்றேன். அறுபது பேருக்கும் அதே பதில்தான்.

"ஒருத்தனும் இல்லயா? சரி. மறைக்கிறவங்களுக்கும் அதே லாரிதான்."

இரண்டு பேர் என் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். நான் வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அவன் தாங்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். கேட் வரை போய்விட்டேன். இன்னும் பத்து அடி போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"சார்." பின்னாலிருந்து குரல் வந்தது. "அவங்கள விட்டுடுங்க. அவங்க என் அக்கா. நீங்க தேடுற ஆளு நான்தான்."

அடப்பாவி! ஒரு வாரமாக உன் கையைத்தானேடா பழக்கினேன், வாயைப் பழக்காமல் விட்டுவிட்டேனே.